வேர் முடிச்சு பருத்தால் போதாது. உள்ளே சிவக்க வேண்டும்

திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் தமிழ் பேசும் விவசாயி 'வேர்க்கடலை' என்கிறார். பக்கத்துக் கொல்லையில் தெலுங்கு பேசும் விவசாயி 'வேருசெனக' என்கிறார். இரண்டு பெயரிலும் வேர் இருக்கிறது. ஆனால் கடலை வேரில் காய்ப்பதில்லை. பூ உதிர்ந்த பிறகு ஊசி மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில்தான் காய் பிடிக்கிறது. வேரில் காய்ப்பது வேறொன்று. கடுகளவிலும் மிளகளவிலும் உருண்டை உருண்டையாக ஒட்டிக் கொண்டிருக்கும் வேர் முடிச்சுகளே அவை. நன்றாக முடிச்சுப் பிடித்த கடலைச் செடி தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பாதிக்கு மேல் இந்த முடிச்சுகளிலிருந்தே பெற்றுக் கொள்கிறது.

1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, கோட்டின் இரு பக்கமும் செம்மண்ணும் மானாவாரிக் கடலையும் அப்படியே இருக்கின்றன. ஆடியில் காவடி எடுப்பவர்கள் மலை ஏறும் காலமும், மழையைப் பார்த்து மானாவாரி விதைப்பை முடிக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த நேரத்தில் இரு பக்கத்து விவசாயிகளிடமும் ஒரே ஐயம் எழுவது உண்டு. ரைசோபியம் பொட்டலம் வாங்கி விதை நேர்த்தி செய்தாயிற்று. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சும் இருக்கிறது. ஆனாலும் இலை வெளிறி நிற்கிறதே, ஏன்?

இதற்கு விடை முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவின் ஜீன்களில் இருக்கிறது. முடிச்சை உண்டாக்கும் ஜீன்கள் ஒரு தொகுதி. முடிச்சுக்குள் தழைச்சத்தைச் சமைக்கும் ஜீன்கள் இன்னொரு தொகுதி. முதல் தொகுதி மட்டும் வேலை செய்தால் முடிச்சு பருக்கும், பலன் இராது. இரண்டும் வேலை செய்கின்றனவா என்பதை விவசாயியே தன் கொல்லையில், சிறு கத்தி ஒன்றைக் கொண்டு சோதித்துப் பார்த்துவிடலாம்.

காற்றில் இருக்கும் உரம்

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றில் மட்டும் சுமார் 30,000 டன் நைட்ரஜன் உள்ளது. ஆனால் எந்தச் செடியாலும் அதை நேராக எடுத்துக் கொள்ள முடியாது. காற்று நைட்ரஜனில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிணைந்து கிடக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்த்தால்தான் அது உரமாகும்.

யூரியா ஆலையில் இந்தக் கட்டை அவிழ்க்க 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும், வெளிக்காற்றைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் வேண்டியிருக்கிறது. அப்படித் தயாரான 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. இதே வேலையை வேர் முடிச்சில் உள்ள பாக்டீரியா, மண்ணின் சாதாரணச் சூட்டில், ஓசையின்றிச் செய்து முடிக்கிறது.

பயறுவகைப் பயிர் நிலத்தை வளப்படுத்தும் என்பது உழவர்கள் காலங்காலமாக அறிந்த செய்தி. அதற்குக் காரணம் இன்னதென்று விளங்கியது 1886 முதல் 1888 வரையான ஆண்டுகளில்தான். ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரு விஞ்ஞானிகள், பயறுவகைச் செடிகள் வேர் முடிச்சின் மூலமே காற்றின் நைட்ரஜனைப் பெறுகின்றன என்று காட்டினார்கள். 1888இல் ஹாலந்து நாட்டின் பெய்ஜரிங்க் முடிச்சிலிருந்து அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். அடுத்த ஆண்டு அதற்கு ரைசோபியம் என்று பெயர் வைக்கப்பட்டது. இந்தியாவில் 1920இல் என்.வி.ஜோஷி இந்தத் துறையில் ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தார். ரைசோபியத்திலேயே மெதுவாக வளரும் இனத்தை 1982இல் பிராடிரைசோபியம் என்று தனியாகப் பிரித்தார்கள். வேர்க்கடலையில் முடிச்சிடுவது பெரும்பாலும் இந்த மெதுவான இனமே. கடையில் கிடைக்கும் பொட்டலத்தில் பழைய பெயரான ரைசோபியம் என்பதே இன்றும் அச்சிடப்படுகிறது.

ஜீன் என்பது என்ன?

ஓர் உயிர் என்னென்ன வேலை செய்ய வேண்டும், அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அதன் உடலுக்குள் எழுதி வைத்த குறிப்புகளே ஜீன்கள். மரபணு என்றும் சொல்வார்கள். ஒரு குறிப்பு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும். அந்தப் புரதம் ஒரு வேலையைச் செய்யும். குதிரைமசாலில் முடிச்சிடும் பாக்டீரியாவின் மரபுத் தொகுப்பு முழுவதையும் 2001இல் படித்து முடித்தார்கள். அதில் 6,000க்கு மேற்பட்ட ஜீன்கள் இருந்தன. முடிச்சு சம்பந்தப்பட்டவை அவற்றில் ஒரு சிறு பகுதிதான். மற்றவை எல்லாம் அந்தப் பாக்டீரியா மண்ணில் உண்டு, வளர்ந்து, பெருகுவதற்கானவை.

அதாவது, முடிச்சு ஜீன்கள் இல்லாமலும் ஒரு பாக்டீரியா மண்ணில் சுகமாகப் பிழைத்துக் கொள்ளும். பயிருக்குத்தான் அதனால் பயன் இராது. விவசாயி இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதல் தொகுதி: வாசலைத் திறக்கும் ஜீன்கள்

திருத்தணி முருகன் மலைக்கு 365 படிகள் என்பார்கள். பாக்டீரியா முடிச்சுக்குள் போவதற்கும் படிகள் உண்டு. ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குத் தாவ முடியாது.

முதல் படியில் செடிதான் குரல் கொடுக்கிறது. மண்ணில் தழைச்சத்து குறைந்தால், வேர் சில பொருள்களைக் கசிய விடுகிறது. ஃபிளேவனாய்டு என்பது அவற்றின் பெயர். அருகில் இருக்கும் பாக்டீரியாவில் 'நாட்-டி' என்ற ஜீன் உண்டாக்கிய புரதம் இதை உணர்கிறது. குதிரைமசாலில் இந்தக் கசிவுப் பொருள் எது என்பதை 1986இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாம் படியில் பாக்டீரியா பதில் சொல்கிறது. குரல் கேட்டதும் நாட்-ஏ, நாட்-பி, நாட்-சி என்ற ஜீன்கள் விழித்துக் கொள்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு பொருளைத் தயாரித்து வெளியே அனுப்புகின்றன. 'நாட் காரணி' எனப்படும் இந்தப் பொருளின் அமைப்பை 1990இல் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். இதைச் செடியின் வாசலைத் திறக்கும் சாவி என்று சொல்லலாம். சாவியின் அடிப்பகுதி எல்லாப் பாக்டீரியாவிலும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் சாவியின் பற்களை வேறு சில நாட் ஜீன்கள் இனத்துக்கு இனம் மாற்றி வெட்டுகின்றன. ஒரு பயிருக்கு ஏற்ற பொட்டலம் இன்னொரு பயிருக்கு உதவாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். சோயா மொச்சைக்கு உரிய பாக்டீரியாவைக் கடலை விதையில் தடவினால் பொட்டலத்துக்குக் கொடுத்த காசு வீண்.

சாவி பொருந்தியதும் வேரின் உள் திசுக்கள் பெருகுகின்றன. முடிச்சு உருவாகிறது. நாட் ஜீன்களின் வேலை இத்துடன் பெரும்பாலும் முடிகிறது. அவை கட்டிக் கொடுப்பது வீடு மட்டுமே. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பது அடுத்த தொகுதியைப் பொறுத்தது.

கடலைக்கு ஒரு தனி வழி

பட்டாணி, குதிரைமசால் போன்ற பயிர்களில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக நுழைகிறது. வேர்க்கடலையில் அப்படியில்லை. பக்க வேர் கிளம்பும் இடத்தில் தோல் சிறிது விரிசல் விடும். அந்த விரிசல்தான் கடலையில் பாக்டீரியாவுக்கு வாசல். கடலை முடிச்சுகள் பக்க வேரின் கக்கத்திலேயே வரிசையாக உட்கார்ந்திருப்பது இதனால்தான். விதை முளைத்துப் பக்க வேர் விடும் நாள்களில் சரியான பாக்டீரியா அந்த இடத்திலேயே தயாராக நிற்க வேண்டும். மண்ணில் வீசுவதைவிட விதையில் தடவுவது நல்லது என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

இரண்டாம் தொகுதி: உரம் சமைக்கும் ஜீன்கள்

முடிச்சுக்குள் நுழைந்த பாக்டீரியா உருமாறுகிறது. மண்ணில் குச்சி போல் இருந்தது, கடலை முடிச்சுக்குள் உருண்டையாகப் பெருத்துவிடுகிறது. அப்போது 'நிஃப்', 'ஃபிக்ஸ்' என்ற ஜீன்கள் வேலையைத் தொடங்குகின்றன.

நிஃப்-எச், நிஃப்-டி, நிஃப்-கே என்ற மூன்று ஜீன்கள் சேர்ந்து நைட்ரோஜினேஸ் என்ற நொதியை உண்டாக்குகின்றன. காற்று நைட்ரஜனின் கட்டை அவிழ்ப்பது இந்த நொதியே. இதன் நடுவில் ஓர் உலோகத் தொகுதி இருக்கிறது. அதில் 1 மாலிப்டினம் அணு, 7 இரும்பு அணுக்கள், 9 கந்தக அணுக்கள் உண்டு. மண்ணில் இரும்பும் கந்தகமும் மாலிப்டினமும் கிடைக்காவிட்டால், ஜீன் இருந்தும் நொதி உருவாகாது. எழுதி வைத்த சமையல் குறிப்பு இருக்கிறது, உப்பும் புளியும் இல்லை என்ற கதைதான்.

இந்த நொதிக்கு ஒரு பெரிய எதிரி உண்டு. அது பிராணவாயு. நேராகப் பட்டால் நொதி கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சு விடவும் அதே பிராணவாயு வேண்டும். இந்தச் சிக்கலைச் செடிதான் தீர்த்து வைக்கிறது. மனித ரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருளைப் போன்ற ஒன்றை, லெக்ஹீமோகுளோபின் என்பதை, செடி முடிச்சுக்குள் நிரப்புகிறது. அது பிராணவாயுவைப் பிடித்து வைத்துக் கொண்டு, அளந்து அளந்து கொடுக்கிறது. பிராணவாயு குறைந்திருப்பதை ஃபிக்ஸ் ஜீன்கள் உணர்ந்து தகவல் தந்த பிறகே நிஃப் ஜீன்கள் முழு வேகம் பிடிக்கின்றன.

வேலை நடக்கும் முடிச்சை நறுக்கினால் உட்புறம் இளஞ்சிவப்பாகவோ நல்ல சிவப்பாகவோ இருப்பது இந்தப் பொருளால்தான். வெள்ளையாக இருந்தால் அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை, அல்லது மூட்டவே முடியாத பாக்டீரியா உள்ளே இருக்கிறது என்று பொருள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சு வயதாகி வேலையை நிறுத்திவிட்டது.

வெறும் முடிச்சு எப்படி வருகிறது?

அடுப்பு மூட்டாத பாக்டீரியா மண்ணில் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இரண்டு நாடுகளில் தெளிவான சான்று கிடைத்தது.

நியூசிலாந்தில், உரிய பாக்டீரியா இல்லாத ஒரு நிலத்தில் ஒருவகைத் தீவனப் பயறை ஒரே ஒரு ரகப் பாக்டீரியாவைத் தடவி விதைத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து முடிச்சுகளைச் சோதித்தபோது, உள்ளே பல ரகப் பாக்டீரியாக்கள் இருந்தன. அவை அந்த மண்ணிலேயே முன்பு இருந்தவை. தடவிய பாக்டீரியா தன் முடிச்சு ஜீன்கள் அடங்கிய பெரிய துண்டு ஒன்றை அவற்றுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. 1995இலும் 1998இலும் இந்த ஆராய்ச்சி முடிவுகள் வெளிவந்தன.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்னொரு தீவனப் பயிரில் இதுவே நடந்தது. பயிரை அறிமுகப்படுத்திய சில ஆண்டுகளிலேயே உள்ளூர்ப் பாக்டீரியாக்கள் ஜீன்களை வாங்கிக் கொண்டன. அவற்றில் சில முடிச்சு மட்டும் போட்டன. தழைச்சத்து கொடுக்கவில்லை, அல்லது மிகக் குறைவாகக் கொடுத்தன. 2006, 2007ஆம் ஆண்டுகளில் இது வெளியிடப்பட்டது. ஜீனை வாங்கிவிட்டதாலேயே அந்தப் பாக்டீரியா நல்ல வேலைக்காரனாகி விடுவதில்லை.

பல ஆண்டுகளாகக் கடலை, காராமணி, உளுந்து, துவரை பயிராகும் கொல்லைகளிலும் நல்ல பாக்டீரியாவும் சோம்பேறிப் பாக்டீரியாவும் கலந்தே இருக்கின்றன. இந்தப் பயிர்களெல்லாம் ஏறக்குறைய ஒரே குழுவைச் சேர்ந்த பாக்டீரியாவை ஏற்பவை. பொட்டலத்தில் வரும் நல்ல பாக்டீரியா இந்தப் பழைய குடிகளோடு போட்டியிட்டுத்தான் வாசலுக்கு வர வேண்டும். முடிச்சு எண்ணிக்கை நிறைய இருந்தும் இலை வெளிறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

செடியும் இசைய வேண்டும்

பாக்டீரியாவிடம் எல்லா ஜீன்களும் இருந்தாலும் செடி கதவைத் திறக்காவிட்டால் பயனில்லை. ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் 1972இல் தொடங்கிய இக்ரிசாட் என்ற சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தில், முடிச்சே பிடிக்காத கடலைச் செடிகள் ஒட்டு வகைகளில் தென்பட்டன. பக்கத்துச் செடிகள் கரும்பச்சையாக நிற்க, இவை மட்டும் மஞ்சளாக நின்றன. முடிச்சை ஏற்பதற்குச் செடியிலும் தனி ஜீன்கள் தேவை என்பதை அந்தச் செடிகள் காட்டின. இப்போது பயிரிடப்படும் கடலை ரகங்கள் எல்லாம் முடிச்சுப் பிடிப்பவையே. அதனால் ரகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது பாக்டீரியாவைப் பற்றியும் மண்ணைப் பற்றியும்தான்.

யாருக்குப் பொட்டலம் அதிகப் பலன் தரும்?

முதன்முறையாகக் கடலை போடும் நிலத்துக்கும், நீண்ட காலம் நெல் பயிரிட்டுத் தண்ணீர் தேங்கி நின்ற பிறகு கடலை போடும் வயலுக்கும் விதை நேர்த்தி கட்டாயம் வேண்டும். நீர் தேங்கும் வயலில் ரைசோபியத்தின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. கோடையில் நெடுநாள் காய்ந்து கிடக்கும் மணற்பாங்கான கொல்லைக்கும் இது நல்லது. ஆண்டுதோறும் கடலை போடும் நிலத்தில் பலன் ஒரே சீராக இராது. ஓர் ஆண்டு தெரியும், ஓர் ஆண்டு தெரியாது. ஆயினும் பொட்டலத்தின் விலை குறைவு. ஆதலால் முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

பலனை அறிய எளிய வழி உண்டு. கொல்லையின் நடுவில் நான்கு சால் மட்டும் நேர்த்தி செய்யாத விதையை ஊன்ற வேண்டும். நேர்த்தி செய்யாத விதையை முதலில் ஊன்றிவிட வேண்டும். பொட்டலம் தொட்ட கையால் அதைத் தொடக் கூடாது. மற்ற உரமும் களையெடுப்பும் எல்லாச் சாலுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அறுவடையில் அந்த நான்கு சாலையும் பக்கத்து நான்கு சாலையும் தனித்தனியே பிடுங்கி எடை போட்டால், தன் நிலத்துக்குப் பொட்டலம் தேவையா என்பது விவசாயிக்கே தெரிந்துவிடும்.

விதை நேர்த்தி செய்யும் முறை

பொட்டலத்தில் 'வேர்க்கடலை' என்று பயிரின் பெயர் இருக்கிறதா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்று பார்த்து வாங்க வேண்டும். உள்ளே இருப்பது உயிருள்ள சரக்கு. வெயிலில் வைத்த பொட்டலத்தில் உயிர் இராது. பேருந்தில் கொண்டு வரும்போதும் நிழலில் வைத்துக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர், விதைக்கு 200 கிராம் பொட்டலங்கள் 3 தேவை. அதாவது 600 கிராம். அதோடு பாஸ்போபாக்டீரியாவும் 600 கிராம் சேர்க்கலாம். ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, விதைப் பருப்பின் மேல் பரவலாகத் தெளித்து, கையால் மெதுவாகப் புரட்ட வேண்டும். கடலைப் பருப்பின் தோல் மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் தோல் உரிந்து முளைப்பு கெடும். கஞ்சி சூடாக இருந்தால் பாக்டீரியா மடிந்துவிடும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும்.

பூஞ்சாணக் கொல்லி மருந்தும் கலப்பதாக இருந்தால், அதை முதலில் கலந்து, 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் கலக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிசைந்தால் மருந்து பாக்டீரியாவையே கொன்றுவிடும். பூஞ்சாண மருந்துக்குப் பதில் டிரைகோடெர்மா கலந்தால் இந்தத் தொல்லை இல்லை. கிலோ விதைக்கு 4 கிராம் போதும்.

விதை நேர்த்தி செய்ய முடியாமற் போனவர்கள், ஹெக்டேருக்கு 10 பொட்டலம் ரைசோபியத்தை 25 கிலோ தொழுஉரம், 25 கிலோ மண்ணுடன் கலந்து விதைப்பதற்கு முன் தூவலாம். இப்போது பாட்டிலில் திரவமாகவும் கிடைக்கிறது. அதற்குப் பாட்டிலில் எழுதிய அளவைப் பின்பற்ற வேண்டும்.

நாற்பதாம் நாள் சோதனை

விதைத்த 35 முதல் 45 நாளுக்குள், கொல்லையின் ஐந்து இடங்களில் இரண்டிரண்டு செடிகளை எடுக்க வேண்டும். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் சுற்றி வெட்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசிப் பார்க்க வேண்டும்.

முதலில், அது ரைசோபியம் முடிச்சுதானா என்று தெரிந்து கொள்ள வேண்டும். வேரில் ஒட்டியது போல் இருந்து, நகத்தால் தள்ளினால் தனியே கழன்று வருவது நல்ல முடிச்சு. வேரே வீங்கி, தள்ளினாலும் கழலாமல் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. பின்னது பயிருக்குப் பகை. இரண்டையும் குழப்பிக் கொண்டு நூற்புழு வீக்கத்தைப் பார்த்து மகிழ்ந்து போகிறவர்களும் உண்டு.

அடுத்து, செடிக்குப் பத்து முடிச்சுகளாவது நறுக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை சிவந்திருந்தால் யூரியா மேலுரம் போடுவது வீண் செலவு. செடிக்குக் கையில் யூரியா கிடைத்தால் அது முடிச்சுக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துவிடும். புதிய முடிச்சும் பிடிக்காது. வீட்டில் சும்மா வந்த அரிசி இருக்கும்போது யாரும் கூலி கொடுத்து ஆள் வைப்பதில்லை அல்லவா? முடிச்சு உண்டாகும் வரை நாற்றைத் தாங்க அடியுரத்தில் பரிந்துரைத்த சிறிதளவு தழைச்சத்து மட்டும் போதும்.

வெள்ளையாக இருந்தால்

நறுக்கிய முடிச்சுகளில் பெரும்பாலானவை வெள்ளையாக இருந்தால், அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. இளம் முடிச்சும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்போதும் சிவக்காவிட்டால் காரணங்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

தண்ணீர் தேங்கியிருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் பாக்டீரியா மூச்சுத் திணறும். வடித்துவிட வேண்டும். வறட்சி நீண்டாலும் முடிச்சு வேலையை நிறுத்தும். ஓர் உயிர்த் தண்ணீர் கிடைத்தால் திரும்பப் பிடித்துக் கொள்ளும்.

இலைகளைப் பார்க்க வேண்டும். முடிச்சுக்கு வேண்டிய சக்தி முழுவதும் இலையில் தயாராகும் சர்க்கரையிலிருந்து வருகிறது. டிக்கா இலைப்புள்ளியும் சுருள் பூச்சியும் இலையைத் தின்றால், கீழே முடிச்சு பட்டினி கிடக்கும். பயிர்ப் பாதுகாப்பை இலைக்கு மட்டும் செய்வதாக எண்ணக் கூடாது, முடிச்சுக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாம் களை எடுத்து மண் அணைக்கும்போது, விதைத்த 40-45ஆம் நாளில், ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுவது பரிந்துரை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து கிடைப்பதற்காக இதை இடுகிறார்கள். ஜிப்சத்தில் கந்தகமும் இருக்கிறது. நைட்ரோஜினேஸ் நொதிக்கு வேண்டிய 9 கந்தக அணுக்களை நினைவில் வைத்தால், ஜிப்சம் ஏன் இருமடங்கு லாபம் என்பது விளங்கும். நிலம் மிகவும் புளித்த மண்ணாக இருந்தால் மாலிப்டினம் செடிக்குக் கிடைக்காது. மண் பரிசோதனை செய்து, தேவையானால் சுண்ணாம்பு இட வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் முடிச்சு வெள்ளையாகவே நின்றால், அந்தக் கொல்லையில் சோம்பேறிப் பாக்டீரியா குடியேறிவிட்டது என்று கொள்ளலாம். இந்தப் பருவத்துக்கு மட்டும் விரிவாக்க அலுவலரைக் கேட்டுச் சிறிது தழைச்சத்து மேலுரம் இட்டுப் பயிரைக் காப்பாற்றிக் கொள்ள வேண்டும். அடுத்த பருவம் புதிய பொட்டலம் வாங்கி, நேர்த்தி முறையைக் கவனமாகச் செய்து, நல்ல பாக்டீரியாவின் எண்ணிக்கையை விதையின் அருகிலேயே உயர்த்த வேண்டும்.

கொடியைக் கணக்கில் சேர்க்க வேண்டும்

கடலை போட்டால் அடுத்த பயிருக்கு நிலம் தேறும் என்பது முழு உண்மையல்ல. முடிச்சில் சமைத்த தழைச்சத்தில் ஒரு பங்கு பருப்புக்குப் போகிறது. மற்றொரு பங்கு கொடியில் இருக்கிறது. கடலையை வேரோடு பிடுங்கிக் கொடியை முழுவதும் விற்றுவிட்டால், நிலத்துக்கு மிஞ்சுவது சொற்பம். கொடியை வீட்டு மாட்டுக்குப் போட்டு, அந்தச் சாணத்தையும் மூத்திரம் ஊறிய தொழுவ மண்ணையும் அதே கொல்லையில் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். கொடியை விற்கும் விவசாயி தழைச்சத்தையும் சேர்த்து விற்கிறார் என்பதை விலை பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

பாக்டீரியாவின் ஜீன்களை மாற்றுவது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. அந்த ஜீன்கள் வேலை செய்ய ஏற்ற மண்ணும் காற்றும் கந்தகமும் பசும் இலையும் கொடுப்பது விவசாயியின் வேலை. யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் பத்துச் செடியைத் தோண்டி, முடிச்சை நறுக்கிப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும். சிவப்பாக இருந்தால் மூட்டையைக் கட்டி வைத்துவிடலாம். ஐயம் இருந்தால் செடியை மண்ணோடு எடுத்துக் கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டி ஆலோசனை பெறலாம்.